கம்பக் கணக்கு

கிளினிக் கொப்பியில் மிஸ்ஸி
இருநூற்று எண்பத்து நாலென்று எழுதி
கீழே சிவப்பில் இரண்டு கோடு இழுத்தா.
"நடவுங்கோ" என்றா.
அடுத்த ஆளின் பேரைக் கூப்பிட்டா.

சீனக்குடா மா ஆலையில்
இருபத்தொரு வருஷம் நின்றபடி வேலை.
நிற்கிறதும் நடக்கிறதும்
ஒன்றென்று நினைத்திருந்தேன்.

முதல் நாள்
கோட்டை வாசலிலிருந்து
மூன்றாவது மின்கம்பம் மட்டும்.
அதற்கு மேல் தெரு ஏறியது, நான் ஏறவில்லை.
ஒரு வேரில் குந்தி மூச்சு வாங்க
படுத்திருந்த மான்கள்
எழும்பி விலகிப் போயின,
துரத்த வந்தவனைக் கண்ட மாதிரி.
துரத்துகிற ஆளா நான்?
சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தாலே
கண் இருட்டும்.

"நேர்த்தியோ?" என்றார்
அருச்சனைத் தட்டு விற்கிறவர்.
"இல்லை. சீனிக்கு."
விளங்கவில்லை அவருக்கு.
ஒரு நுள்ளு திருநீறு தந்தார்.
பூசிக்கொண்டேன்,
இவ்வளவு தூரம் வந்தாயிற்று.

ரஸீன் காக்காவின் கடையில்தான் கஷ்டம்.
ஷிப்ட் முடிந்து பஸ்ஸால் இறங்கினால்
கால் தன்பாட்டில் அங்கே போகும்.
மூன்று கரண்டி சீனி, அதற்கு மேல் ரின்பால்,
ஒரு மாலுபணிஸ்.
நான் வாய் திறக்கமுன்னம் மேசையில்.
பதினெட்டு வருஷத்து அன்பு அது.
வேண்டாமென்று சொல்ல
ஏற்றத்தைவிடக் கூட மூச்சு வாங்கியது.
முதல் கிழமை சொல்லவில்லை, குடித்தேன்.
இரண்டாம் கிழமையும் குடித்தேன்,
அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து.
பிறகொரு நாள்
"காக்கா, சீனி போடாத பிளேன்டீ" என்றேன்
கடன் கேட்கிறவன் குரலில்.
கோப்பையைத் துடைத்தபடியே கேட்டார்,
"வீட்டில ஏதும் பிரச்சினையா தம்பி?"

சித்திரையில் ஐந்தாம் கம்பம்.
ஆனி வெயிலில் ஒன்பது.
ஒன்பதில் நின்றால்
மதிலுக்கு மேலால் ஒரு துண்டுக் கடல் தெரியும்,
நீலச் சேலை காயப்போட்ட அளவு.

பிறகு மாரி.
ஒரு நாள் மழையென்று நின்றேன்.
அடுத்த நாள் மழை இல்லை, நின்றேன்.
இருபத்தாறு நாள்.
மச்சாளின் மகளின் சாமத்திய வீட்டில்
ஆறு லட்டு.
எண்ணினது சுகிர்தா,
நான் எண்ணவில்லை.
சப்பாத்துக்குள் ஒரு தேரை குடியேறியிருந்தது.

அதைத் தட்டி வெளியே விட்ட காலமை
கோபத்தில்தான் புறப்பட்டேன்,
ஒருவரிலுமில்லாத கோபம்.
ஒன்பதை நினைத்துப் போய்
நாலில் குந்தினேன்.
விட்ட இடம் அங்கேயே காத்திருக்குமென்று
யார் சொன்னது?
அது மேலே போய்விடுகிறது.
கீழேயிருந்து திரும்ப எண்ண வேண்டும்,
வெட்கத்தையும் சேர்த்து.
அடுத்த நாள் நாலு.
அதற்கடுத்த நாளும் நாலு.

மாசியில்
இரவு ஷிப்ட் முடிந்து
உடுப்பு மாற்றாமல் வந்தேன்,
புருவமெல்லாம் மா.
பன்னிரண்டாம் கம்பத்தடியில்
ஒரு பெட்டை மான்.
எழும்பவில்லை.
ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பி
மறுபடி அசைபோட்டது.

நடையை நான் பழகுகிறேன்,
பிளேன்டீயின் கசப்பை
நாக்குக்குப் பழக்குகிறேன் என்றிருந்தேன்.
இங்கே ஒரு மிருகம்
ஒரு வருஷமாய்
என்னைப் பழகியிருக்கிறது,
வந்த நாட்களையும்
வராத இருபத்தாறையும் சேர்த்து.

சட்டை விளிம்பிலிருந்த மாவை
மோந்து பார்த்து நக்கியது.
அசையாமல் நின்றேன்.
மேலே இன்னும் ஒரு வளைவு,
அதற்குப் பிறகு முழுக் கடல்.

கொப்பியில் இப்போது நூற்று அறுபத்தெட்டு.
மிஸ்ஸி நிமிர்ந்து பார்க்கவில்லை.
சிவப்புப் பேனையை எடுத்து
கீழே
ஒரு கோடு இழுத்தா.
ஒன்றுதான்.