பனிமட்டை

எட்மன்டனிலிருந்து வந்த ஜெபசிங்கின் பெட்டி
ஆறு கிலோ கூடுதல். தண்டம் கட்டியிருக்கிறான்.
திறந்தால் மேலாகவே இது கிடந்தது:
அலுமினிய வளையம், இழுத்துக் கட்டிய ஆரஞ்சுத் தார்ப்பாய்,
அடியில் கரடி நகம் மாதிரி இரும்புப் பல்.
ஒரு ஜோடி.
"பனியில நடக்கிறதுக்கு" என்றான்.

பாளையங்கோட்டையில் அப்போது மத்தியானம் பன்னிரண்டு.
மார்கழி என்றாலும் வெயில் வெயில்தான்.
எங்களுக்குப் பனி என்றால்
விடிகாலை மப்ளர், ஊறிப்போன கோலப்பொடி,
ஸ்கூட்டர் சீட்டைத் துடைக்க ஒரு பழந்துணி.
அவன் சொன்ன பனி இடுப்பளவு.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
வேறு வேறு குளிரைப் பேசிக்கொண்டிருந்தோம்.

தமிழ் எடுக்கும் ரமலத்துதான் பேர் வைத்தாள், பனிமட்டை என்று.
"பனைமட்டை தெரியும்லா? ஐகாரத்தை இகரமாக்கு,
அவ்வளவுதான்."

அவன் திரும்பிப் போனான். இது போகவில்லை.

அரையாண்டு லீவு. மாஞ்சோலை வண்டியில்
பியூலா, ரமலத்து, நான்.
மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் பையைத் திறந்தவர்
இரண்டடி பின்னால் போனார்.
"என்ன கண்ணி இது? எதுக்கு வைக்கப் போறிய?"
மிளாவுக்கா, பன்றிக்கா என்று முகத்தில் ஓடியது.
விளக்கினோம். நம்பவில்லை. ஆனாலும் எழுதினார்:
பனிமட்டை, ஜோடி ஒன்று.

குதிரைவெட்டிப் பாதையில் காவலர் உச்சிமாகாளி முன்னே.
எங்களுக்கு முழங்கால் வரை காடாத்துணி உறை,
அதன்மேல் மூக்குப்பொடியும் தேங்காயெண்ணெயும் குழைத்த பூச்சு.
அட்டைக்கு இது போதும் என்றார்.
அட்டைக்கு அது தெரியவில்லை.
மேகம் இறங்கி வந்து முன்னால் போனவளைத் தின்றது,
பேச்சை மட்டும் மிச்சம் வைத்து.

சோலை முடிந்த பள்ளத்தில் சதுப்பு.
புல் மாதிரித்தான் தெரிந்தது.
ரமலத்தின் ஷூ உள்ளே போய்
வெறும் காலுறை திரும்பி வந்தது.
சிரித்து முடிக்க நேரமானது.
"அதை எடுத்து மாட்டுடி" என்றாள் பியூலா என்னிடம்.

இருபத்திரண்டு வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிறேன்:
அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு.
ஒட்டகத்தின் பாதம் மணலில் புதைவதில்லை, ஏன்?
இரண்டு மதிப்பெண்.
ஒட்டகத்தையே நான் சர்க்கஸில்தான் பார்த்தேன்.

பாறையில் உட்கார்ந்து மாட்டினேன்.
வாரை இழுக்கவே வேண்டியிருக்கவில்லை.
நாலாவது துளை தேய்ந்து அகன்று
ஏற்கெனவே என் அளவில் இருந்தது.
என் கால் ஐந்தாம் நம்பர்.
ஜெபசிங் பத்து போடுகிறவன்.

நான் பார்த்ததைப் பியூலா பார்த்தாள்.
"சரியா இருக்கா?"
"இருக்கு."
போன தடவை ஊருக்கு இரண்டு பேராக வந்தார்கள்.
மலையில் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இறங்கினேன்.
சேறு பொதுக்கென்று அமுங்கி, யோசித்து,
தாங்கியது.
கால்களை அகட்டி, நிறைமாசக்காரி நடையில்
பத்து அடி, இருபது அடி.
நிலமே லேசாக ஆடியது.
பக்கத்தில் காட்டெருமைத் தடங்கள், முழங்கை ஆழம்,
ஒவ்வொன்றிலும் தண்ணீர், ஒவ்வொரு தண்ணீரிலும் மேகம்.
என் தடமோ சுளகு கவிழ்த்த மாதிரி
இருக்கிறதா இல்லையா என்று கிடந்தது.
இந்த வாரைக் கட்டிக்கொண்டு அவளும்
எங்கேயோ அந்த வெள்ளையில்
முதல் காலை வைத்து
புதையக் காத்திருந்திருப்பாள்.
அவள் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

ஷூவை எடுத்தேன். அதற்குள் ஒரு தவளை.

உச்சிமாகாளி குனிந்து என் தடத்தைச் சாண் வைத்து அளந்தார்.
"நாளைக்கு ரேஞ்சர் ஐயா வந்து பார்த்தாவன்னா
என்ன மிருகம்னு எழுதுவாவ?"

கீழே செக்போஸ்ட்டில் நோட்டை விரித்து
ஜோடி ஒன்று என்றிருந்ததைக் கோடு போட்டு அடித்தார்கள்.
சேறு காய்ந்திருந்தது. கழுவிடவா என்றேன்.
"இருக்கட்டும்" என்று பியூலா
மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள்,
கல்லிடைக்குறிச்சி வரும்வரை
அந்த நாலாவது துளைக்குள்
சுண்டுவிரலை விட்டு விட்டு எடுத்தபடி.