தூசியின் எடை

சாம்பல் புதனன்று நெற்றியில் கரியோடு
கொள்முதல் நிலையத்துக்கு வந்தார்
பட்டியல் எழுத்தர் சூசைமாணிக்கம்.
"நாங்க தினமும் பூசுறோம்,
உங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதானா?" என்றேன்.
"வருஷம் பூராத் தாங்கணும்னு
அழுத்திப் பூசிட்டார் சாமியார்" என்றார்.
மதியத்துக்குள் நெல்தூசி படிந்து
எல்லார் நெற்றியும் ஒன்றாகிவிட்டது.

ஓடம்போக்கிக் கரையில் தகரக் கொட்டகை.
தூற்றும் இயந்திரம், ஈரம் பார்க்கும் பெட்டி, மின்தராசு.
மூட்டைக்கு நாற்பது ரூபாய்.
லஞ்சம் என்று யாரும் சொல்வதில்லை, மாமூல்.
அதில் பத்து, சுமை தூக்கும் எங்கள் பங்கு.
ஞாயிறு காலை "பங்குக்குப் போகணும்" என்பார் அவரும்.
அவர் சொல்லும் பங்கு கோவில்.

தை மாசம் வந்த முதல் நாளே நிறுத்திவிட்டார்.
"என் பேனா ஓடுற இடத்தில
யாரும் வாங்க வேண்டாம்."
அவ்வளவுதான், பிரசங்கம் கிடையாது.
துண்டை உதறித் தராசுத் தட்டைத் துடைத்தார்.
உமி, பதர், நேற்றைய மண்.
பூஜ்யம் வரும்வரை துடைத்தார்.
"தூசிக்கும் எடை இருக்கு, வீரையா."

உண்மையைச் சொல்கிறேன்,
எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கவில்லை.
யோக்கியன் பக்கத்தில் நிற்பது
உச்சி வெயிலில் நிற்பது மாதிரி,
நம் நிழல் நமக்கே குட்டையாகத் தெரியும்.
மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தேன்.
தோட்டை மனசுக்குள் வாங்கியும் விட்டிருந்தேன்.

மாசிக் கடைசியில் அவர் மச்சான் கபிரியேல்
தொண்ணூறு மூட்டையோடு டிராக்டரில் வந்தான்.
ஈரம் பத்தொன்பது. சட்டம் பதினேழு.
"காயப் போடு" என்றார்.
மேலே மேகம்.
ராத்திரி பூரா எங்களோடு தார்ப்பாயின் ஒரு மூலையைப்
பிடித்துக்கொண்டு நனைந்தார்.
ஆனாலும் அடிமூட்டைகள் முளைவிட்டன.
மச்சான் முகம் பார்க்கவில்லை.
திருமக்கோட்டைக்குப் போன லூர்துமேரி
குருத்தோலை ஞாயிறுக்குத்தான் திரும்பி வந்தார்.
அதுவரை டீக்கடைப் பரோட்டா.
ஒருநாள் அட்டிக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.
"தூசி" என்றார்.
அதற்கும் எடை இருக்கிறதே என்று
நான் கேட்கவில்லை.

இன்னொன்று.
குத்தகைக்காரி தனபாக்கியத்தின் ரசீதில்
இருபத்து மூன்றை இருபத்திரண்டு என்று எழுதிவிட்டார்.
கண்டுபிடித்தபோது இருட்டிவிட்டது.
ஆறு கிலோமீட்டர், சைக்கிளில், விளக்கில்லாமல்.
வழிகாட்ட நானும் போனேன்.
"ஒரு மூட்டைக்கா இந்நேரத்துல வந்தீங்க?"
"மூட்டைக்கு இல்லம்மா, மன்னிப்புக்கு."
அவள் கொடுத்த செம்புத் தண்ணீரை
அண்ணாந்து ஊற்றாமல் வாய் வைத்துக் குடித்தார்.
அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் யாரும்
தண்ணீர் குடித்ததில்லை.
என்னிடம் நீட்டினார்.
தாகமில்லை என்றேன்.
தாகம் இருந்தது.

சித்திரை பிறக்குமுன் மாற்றல் வந்தது.
வேதாரண்யம் பக்கம், உப்பளத்தை ஒட்டி ஒரு கிடங்கு.
"உப்புக்குப் பக்கத்திலா? நல்லதுதான்" என்றார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை.
பெட்டியை நான்தான் பஸ்ஸில் ஏற்றினேன்.
இருபது ரூபாய் கொடுத்தார், கூலி என்று,
எண்ணிக் கொடுத்தார்.

புது எழுத்தர் வந்தார். மாமூல் இப்போது ஐம்பது.
என் பங்கை வாங்கிக்கொள்கிறேன்.
மகள் காதில் இரண்டு கிராம் மின்னுகிறது.

ஆனால் காலையில் முதல் மூட்டை ஏறுமுன்
தட்டைத் துடைக்கிறேன்.
யாரும் சொல்லவில்லை.
பங்கு வாங்குகிற அதே கைதான்.
பூஜ்யம் வரும்வரை துடைக்கிறேன்.
சில நாள்
வர நேரமாகிறது.