வெறுவாய்

செவ்வாய்க்கிழமையில்தான் ஏற்றினோம்
நால்வரையும் செவ்வாய்க்கு.
"செவ்வாய் வெறுவாய்னு சொல்வாங்க, புதன்ல போவக்கூடாதா?"
என்றார் வாட்ச்மேன் அப்பாராவ்.

ஜன்னல் மறைத்த வேனில்
எங்கே என்று தெரியாதபடி
மூன்று மணி நேரம் சுற்றி
கொருக்குப்பேட்டை யார்டுக்குப் பின்னால்
ஒரு பழைய பருப்பு குடோனில் இறக்கினோம்.
உள்ளே தகரமும் பஞ்சும் வைத்த கூடு,
சுவரில் சிவப்பு மண்ணின் படம்,
நாற்பத்தைந்து நாள்.

என் வேலை எச்சில்.
கண் விழித்ததும், பல் தேய்க்குமுன்,
வெறும் வாயில் ஒரு பஞ்சுத் துண்டு.
இரண்டு நிமிடம் மென்று குழாயில் போடவேண்டும்.
இரவில் இன்னொன்று.
கேட்டால் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.
கார்டிசாலுக்கு அந்த மரியாதை தெரியாது.

மார்பில் ஒட்டிய பட்டை
துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவிலுள்ள சந்தை அளக்கும்.
சந்து அகன்றால் உடம்பு சும்மா இருக்கிறது.
குறுகினால்
எதையோ காது கொடுத்துக் கேட்கிறது.

பன்னிரண்டாம் நாள் கரண்ட் போய்
ஜெனரேட்டரும் இரண்டு முறை இருமி நின்றது.
தொண்ணூற்றாறு குழாய்.
காசிமேட்டில் ஐஸ் வாங்கி
மீன்பெட்டியில் புதைத்து
ஷேர் ஆட்டோவில் லேபுக்குப் போனேன்.
"இன்னா மீனு?"
"எச்சில்."
பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

தினமும் விடிகாலை நாலு பத்துக்கு
மூன்று கோடுகள் தூக்கத்திலேயே துள்ளும்:
கமாண்டர் காட்கில், முபீனா, தாமஸ்குட்டி.
நாலாவது கோடு
அந்நேரம்தான் தளரும்.
ரோஸ்லின்.

சத்தம் புகாத சுவர்கள்தான்.
தரையிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.
நிலக்கரி வண்டி, ஐம்பத்தெட்டுப் பெட்டி,
கூட்டின் அடிவயிற்றை உலுக்கிப் போகும்.

விண்ணப்பத்தில் அவள் முகவரி ஓசூர்.
பத்தாம் வகுப்புச் சான்றிதழில்தான் பார்த்தேன்,
பள்ளிக்கூடம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்.
செவ்வாய் எந்தத் தெருவில் இருக்கிறதென்று
முதல் ராத்திரியே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

'விலகிய புள்ளி, நீக்குக' என்று மேலிருந்து எழுதினார்கள்.
நீக்கினேன்.

முப்பத்தோராம் நாள் மழை.
தண்டவாளத்தின் மேல் தண்ணீர்,
வண்டி இல்லை.
மூன்று பேர் முதல்முறையாக நன்றாகத் தூங்கினார்கள்.
ரோஸ்லினின் கோடு நாலு பத்துக்கு எழுந்து உட்கார்ந்தது.
நாலரைக்கு நூற்றுப் பன்னிரண்டு.

செய்தி பூமிக்கு வரப் பதினொரு நிமிடம்.
இரண்டுக்கும் நடுவே முப்பதடி.
மீதித் தூரத்தை நாங்களே செய்து வைத்திருந்தோம்.
"பூமி, வெளியே தண்ணியா?"

காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு படித்தேன்.
என் செருப்பு ஒன்று
மேஜைக்கடியில் மிதந்துகொண்டிருந்தது.

விதிப்படி செவ்வாயில் மழை கிடையாது.
விதிப்படி அவளுக்கு அந்தத் தெருவும் கிடையாது,
அங்கே தாழ்ந்த வாசலும்
கட்டில்மேல் ஏற்றிவைத்த கேஸ் அடுப்பும் கிடையாது.
நான்கு முறை அடித்து அழித்து
விதிப்படியே எழுதினேன்:
செய்தி கிடைத்தது. காலை மாதிரி எடுக்கவும்.

அனுப்பிய ஏழாவது நிமிடம்
வெற்று எஞ்சின் ஒன்று
தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தபடி
நடையாகப் போனது.
என் டீ கிளாஸ் லேசாக நடுங்கிற்று.
நூற்றைந்து, தொண்ணூறு, எழுபத்தாறு.
என் பதிலுக்கு
இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

அன்று அவள் தந்த பஞ்சு உலர்ந்திருந்தது.
அளவு போதாது என்று எந்திரம் திருப்பிவிட்டது.
அந்தக் கட்டத்தில் ஏதாவது போடச் சொல்லிக்
கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.