கழித்தல் கணக்கு

கல்யாணப் பத்திரிகை உறை மூன்றில்
மண் கொண்டுவந்திருந்தார் முனிரத்தினம்.
மணமக்கள் பெயருக்கு மேல்
பால்பாயிண்ட் பேனாவில்:
மேடு. ஏரியடி. ஆத்தோரம்.

இலவம்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறிய வியர்வை.
"ஆத்தோரம் மட்டும் மச்சானோடது, விரிஞ்சிபுரத்தாண்ட.
கத்திரிக்கு வேருல பூஞ்சான மருந்து ஊத்தறோம்.
ஒரு கொல்லையில கேக்குது, ஒரு கொல்லையில கேக்கல.
ஒரே கடை, ஒரே டப்பா.
இன்னா மேடம் அது?"

ரசீது கிழித்துக் கொடுத்தேன். போய்விட்டார்.

நிழலில் உலர்த்தி, கட்டி உடைத்து, சலித்தேன்.
மேட்டு மண் செவலை, விரல் ரேகையில் ஏறி நின்றது.
ஏரியடி மண் கறுப்பு,
அதில் நத்தை ஓட்டுத் துணுக்கு,
மக்கியும் மக்காத நெல்வேர்,
காய்ந்த பிறகும் இறங்காத ஒரு கனம்.
ஆத்தோரத்து மணல்
உறையின் மூலை ஓட்டை வழியே
மேசையில் ஒழுகிக்கொண்டிருந்தது,
சோதிக்கும் முன்பே பதில் சொல்லிவிட்டு.

குழாய்க்கு ஐந்து கிராம் மண்.
மருந்து கரைத்த நீர் இருபத்தைந்து மில்லி.
ஒரு நாள் முழுக்கக் குலுக்க வேண்டும்.
ராத்திரி பதினொன்றுக்குக் கரண்ட் போனது.
சித்திரை மாசம், வேலூர்.
சுவரே காய்ச்சலில் கிடந்தது.
மறுநாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு
முதலிலிருந்து.

மண் பிடித்துவைத்ததை
நாங்கள் பார்ப்பதே இல்லை.
மேலே தெளிந்த நீரில் மிஞ்சியதை அளந்து
ஊற்றியதிலிருந்து கழிப்போம்.
எவ்வளவு காணவில்லையோ
அவ்வளவு பிடிப்பு.
இருபத்திரண்டு வருஷமாக
இல்லாததை எடைபோட்டுச் சம்பளம் வாங்குகிறேன்.

ஏரியடி: நூற்றுக்கு எண்பத்தொன்று.
களியும் மக்கும் சேர்ந்த பிடி.
மேடு: முப்பத்தாறு.
ஆத்தோரம்: ஒன்பது.
ஒன்பதுதானா என்று மறுபடி ஓட்டினேன்.
எட்டரை வந்தது.

வியாழக்கிழமை வந்தார்.
"அப்ப ஏரியடிதான் நல்ல மண்ணு?"

பிடித்த மருந்து பூஞ்சைக்கும் எட்டாதே என்றேன்.
அதனால்தான் அங்கே கேட்கவில்லை,
நீங்கள் இன்னொரு மூடி ஊற்றினீர்கள்,
அதையும் வாங்கி வைத்துக்கொண்டது.
போன போகத்தது இன்னும் உள்ளே இருக்கலாம்.
மண்புழு பார்த்தீர்களா சமீபத்தில்?

தலையைச் சொறிந்தார்.
"அப்ப மணலு நல்லதுன்னு சொல்றியா?"

மணல் வேருக்கு ஒரு வாய் காட்டிவிட்டு
மிச்சத்தைக் கீழே அனுப்பிவிடும்.

"கீழன்னா?"

நான் சொல்லவில்லை.
அவரே கொஞ்ச நேரம் கழித்து,
"அந்தக் கெணத்துலதான்
மச்சான் வூட்ல உலைக்கு மொள்றாங்க."

மின்விசிறி சுற்றியது.
புடிச்சா ஒரு கேடு, விட்டா ஒரு கேடு என்று
தனக்குள் சொல்லிப் பார்த்தார்.
பிறகு, நான் எதுவும் யோசிப்பதற்குள்:
"ஏரி வண்டல் நாலு லோடு
ஆத்தோரத்துல அடிச்சுட்டா?"

அடித்துப் பாருங்கள், எருவும் போடுங்கள்.
மருந்தைப் பாதியாகக் குறையுங்கள்.
கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவாருங்கள்.
வண்டல் அள்ள தாலுகா ஆபீஸில் அனுமதி வேண்டும்.

சிரித்தார், வெற்றிலைக் கறையோடு.
"மருந்த மண்ணு புடிக்கறதுக்கு முன்ன
என்ன தாசில்தார் புடிச்சுப்பாரு."

அவர் போன பிறகு குழாய்களைக் கழுவினேன்.
கழுவிய நீருக்கென்று தனி கேன்,
அதன் மேல் ஒரு சுற்றறிக்கை.
கேன் நிறைந்தால் எங்கே போகும் என்று
சுற்றறிக்கையில் இல்லை.

குப்பையில் போடுமுன்
ஆத்தோரத்து உறையைத் தட்டினேன்.
எல்லாம் கொட்டிவிட்டது.
பசை தடவிய மடிப்பில் மட்டும்
ஒரு நூல் அளவுக்கு
மணல் ஒட்டியிருந்தது.