இறங்கும்போதும் இரண்டாவது கியர்

பத்தொன்பது வருடம்
குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி கேட்டில்
ஒரு பெரிய நோட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.
வண்டி எண். ஓட்டுநர் பெயர்.
உள்ளே வந்த நேரம். வெளியே போன நேரம்.
இலை எடையை வேறு ஆள் எழுதுவார்.
எனக்குப் போகிறவர், வருகிறவர் மட்டும்.

மழை சாய்ந்தடிக்கும் மாதங்களில்
தாள் ஊறி மை பரவும்.
'வெளியே' என்ற கட்டம்தான்
முதலில் கலையும்.

யாரும் என்னைத் துரத்தவில்லை.
ஃபேக்டரியும் மூடவில்லை.
இதைச் சொல்லிவிட வேண்டும்.
ஏதாவது இடிந்து விழுந்தால்தான்
ஒருத்தி எழுந்து போவாள் என்று
குந்தா வரைக்கும் நம்புகிறார்கள்.
அன்று ஒரு செவ்வாய்க்கிழமை. டீ ஆறிப்போயிருந்தது.
மேட்டில் ஒரு லாரி கியர் மாற்றியது.
தப்பான கியர் என்று எனக்குத் தெரிந்தது.
எப்படித் தெரிந்தது என்று
சாயங்காலம் வரை யோசித்தேன்.

அப்பா தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது
நான் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தேனாம்.
அவரிடம் யாரும் விருப்பமா என்று கேட்கவில்லை.
என்னிடமும் யாரும் கேட்கவில்லை.
அந்தச் செவ்வாய்க்கிழமை
நானே கேட்டுக்கொண்டேன்.

நாற்பத்து மூன்று வயதில்
'எல்' பலகை மாட்டிக்கொண்டு
மவுண்ட் ரோட்டு ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால்
பின்னால் ஹாரன் அடிப்பவர்களில் பாதிப் பேர்
நான் கேட் திறந்துவிட்டவர்கள்.
ஒருவன் கண்ணாடியை இறக்கி
"யோகேஸக்கா, நோட்டை எங்க விட்டீங்க?" என்றான்.
சிரித்தேன்.
கிளட்சில் கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

சொல்லிக்கொடுத்த அன்சாருக்கு இருபத்து நாலு.
"மேடம்" என்பான்.
கோபம் வந்தால் "ஐயோ மேடம்".

முதல் டெஸ்டில் தோற்றேன்.
இரண்டாவது நாள் மழை, அதிகாரி வரவில்லை.
மூன்றாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை,
பாஸ்.
சபாபதி என் பி.எஃப். பணத்தை
மூன்று தடவை எண்ணினார்.
மூன்று தடவையும் சரியாகத்தான் இருந்தது.
அதற்குப் பிறகு இரண்டு நாள்
தேவைக்கு மேல் பேசவில்லை.

இப்போது கேத்தியில் கழுவிய கேரட்டை
இரவு இரண்டு மணிக்கு ஏற்றுகிறேன்.
மூட்டை சொட்டச் சொட்ட,
மேட்டுப்பாளையம் மண்டிக்கு, விடிவதற்குள்.
பழைய சம்பளத்தைவிட
மாதம் இரண்டாயிரம் குறைவு.
முதுகுக்குத் தைலம் தனிச் செலவு.
ஜனவரிப் பனியில் கண்ணாடியைத் துடைக்கும்போது
கேட்டில் இருந்த ஹீட்டரை
நினைக்காமல் இருந்ததில்லை.

ஆனால் மலைக்கு ஒரு கணக்கு உண்டு.
ஏற எந்த கியரோ, இறங்கவும் அதே கியர்.
"பிரேக்கை நம்பாதீங்க மேடம்,
இன்ஜினை நம்புங்க."
காட்டேரி தாண்டி முதல் தடவை தனியாக இறங்கிய இரவு
இரண்டாவது கியரில்
இன்ஜின் முனகிக்கொண்டே என்னைப் பிடித்துக்கொண்டது.
நிதானமாக விடுவதும் ஓட்டுவதுதான் என்று
காலுக்குப் புரிந்தது.
தலைக்குப் புரிய இன்னும் பத்து நடை ஆனது.

பர்லியாறு பக்கம் யானை நின்றால்
விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.
அதற்கு எந்த அவசரமும் இல்லை.
அந்த நேரத்தில் எனக்கும் இல்லை.

இன்னொரு சட்டமும் உண்டு:
ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும்.
காலையில் காலி வண்டியோடு திரும்பி ஏறுகிறேன்.
வளைவுக்கு வளைவு
மேலிருந்து வரும் பஸ்கள், டாங்கர்கள்,
கல்யாணப் பூ கட்டிய கார் ஒன்றுகூட
ஓரங்கட்டி நிற்கின்றன.
என் வாழ்க்கையில் இத்தனை பேர்
எனக்காக நின்றதில்லை.
ஒவ்வொருவருக்கும் கை காட்டிவிட்டே போகிறேன்.

போன வாரம் பழைய ஃபேக்டரிக்கு
விறகு லோடு.
கேட்டில் புது ஆள்.
நிமிராமலே "டிரைவர் பேரு?" என்றார்.
யோகேஸ்வரி.
"இனிஷியல்?"
சொன்னேன்.
அதே நோட்டு, அதே கட்டங்கள்,
சுவரில் அதே கடிகாரம். மணி நாலு ஐந்து.
'வெளியே' கட்டத்தில் அவர்
நாலு பத்து என்று எழுதினார்.
விரல் திருத்தப் போனது,
மடக்கிக்கொண்டேன்.
சாவியைத் திருகினேன்.
நோட்டுக் கணக்குக்கு ஐந்து நிமிடம் முன்பே
வெளியே இருந்தேன்.