மெத்தை

வோர்டனின் கடிதத்தில் அந்தச் சொல்லுக்கு
இரட்டை மேற்கோள் போட்டிருந்தார்கள்,
பாம்பை இடுக்கியில் பிடித்ததுபோல.

தோட்டம் நல்ல சொல்.
காடும் நல்ல சொல்.
இரண்டையும் ஒட்டி ஒருவன்மேல் எறிந்தால் என்னவாகும் என்று
அட்டனில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.
எனக்கும்தான்.

பயிற்சியில் சொல்லித்தந்தார்கள்:
மத்தியஸ்தருக்குப் பக்கம் இல்லை.
கேட்டதைத் திருப்பிச் சொல்,
நிறம் சேர்க்காதே.
மூன்று நாற்காலிகளைத் துடைத்துப் போட்டேன்.
எனக்கு வாய்த்ததில் ஒரு கால் குட்டை.

நடந்தது இவ்வளவுதான்.
பேக்கரியில் இரவு வேலை முடித்து
ஒரு மணிக்கு மாவும் வேர்வையுமாய் வந்த செல்வநேசன்
வாளித் தண்ணீரில் ஹீட்டரைப் போட்டான்.
விடுதி இருண்டது.
பற்றரி செத்த மடிக்கணினிக்குள்
தனுஜனின் பதினெட்டுப் பக்கம் போயிற்று,
விடிந்தால் ஒப்படைக்கவேண்டியது.
இருட்டில் அந்தச் சொல் வந்தது.
இருட்டிலேயே வாளி கவிழ்ந்தது,
தனுஜனின் மெத்தையில்.

சுன்னாகத்துப் பையன்
மேசையில் துருத்திய ஆணியிடம் சொன்னான்:
"கோவத்தில வந்திட்டுது, அக்கா."
"கோபத்தில் வந்துவிட்டது என்கிறீர்கள்" என்றேன்.
எங்கேயிருந்து வந்தது என்று கேட்கப்
படிவத்தில் இடமில்லை.

நேசன் வாய் திறக்கவில்லை.
பதுளை ரயில் வந்தது, நின்றது, போனது.
பிறகு:
"அந்த வார்த்த நா கேக்காததில்ல.
மூணு மாசமா ராவுல நா கொண்டாந்த பாண
யாரு தின்னா?
அத கேளுங்க."

கேட்டேன், நிறம் சேர்க்காமல்.

தனுஜனின் காது சிவந்தது.
"நான்தான்.
கரைப்பக்கம் எனக்கு விருப்பமெண்டு
அதைத்தான் வெட்டித் தாறவன்."
மூவரில் யாரோ சிரித்துவிட்டார்கள்.
மத்தியஸ்தர் சிரிக்கக்கூடாது.

எழுதினோம்:
மெத்தைக் காசு ஆளுக்குப் பாதி.
விரிவுரையாளருக்கு இருவர் கையொப்பத்தோடு ஒரு கடிதம்.
பத்து மணிக்கே தண்ணீர் சுடவைத்து
வாளியை மூடி வைப்பது தனுஜன் பொறுப்பு.
"ஒரு மணிக்கு ஆறிப்போகும்" என்றான் நேசன்.
ஆறினால் ஆறட்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டோம்.

மன்னிப்பு என்ற கட்டத்தில்
தனுஜன் பேனையை வைத்தான், எடுத்தான்.
ஒரு புள்ளி விழுந்திருந்தது.
அதை வெற்றிடம் என்று நான் குறிக்கவில்லை.

மத்தியஸ்தருக்கென்று அந்தத் தாளில்
ஒரு கட்டமும் இல்லை.
அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு
அந்தச் சொல்லை ஒருமுறை உரக்கச் சொன்னேன்.
திருப்பிச் சொல்ல அங்கே யாருமில்லை.

மூன்று நாளாகியும் மெத்தை காயவில்லை.
இந்த ஊரில் வெயில்
வந்த காலோடு போய்விடும்.
நூலக ஜன்னலில் நின்று பார்க்கிறேன்:
விடுதிக் கைப்பிடிச் சுவரில் கிடந்த மெத்தை
மெல்லப் புரள்கிறது, ஈரப் பக்கம் மேலே.
ஒரு முனையில் நேசன்.
மறுமுனையைப் பனிமூட்டம் மூடியிருக்கிறது.
ஊறிய மெத்தை அது,
ஒருவர் கைக்குப் புரளாது.