குறிப்பு என்ற கட்டம்

"மேலே பனி இருக்குமா சார்?"
எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.
எந்தப் பனி என்று கேட்பேன்.
புல்லில் கிடப்பதா, பாதையை மூடுவதா,
உச்சந்தலையில் இறங்கி மூன்றாம் நாள் சளியாவதா?
ஒருவன் படத்தில் பார்த்த வெள்ளையைக் கேட்டான்.
சேர்வராயன் ஐயாயிரத்துச் சொச்சம் அடியோடு நின்றுவிட்டது தம்பி,
அதற்குமேல் வளரவில்லை என்றேன்.

நாகலூர் தாண்டி ஒரு காப்பித் தோட்டத்தில்
காலை எட்டரைக்கு மழைமானி பார்த்து
பேரேட்டில் எழுதுகிறவன் நான்.
என் எண் எப்படியோ
மலையேறுகிறவர்கள் கைக்குப் போய்விட்டது.
மார்கழி பிறந்தால் சனிக்கிழமை தூக்கமில்லை.

சொல்வது இவ்வளவுதான்:
அடிவாரத்தில் நட்சத்திரம் தெரிந்தால் நம்பாதே.
பதினாலாம் கொண்டை ஊசியில் கண்ணாடி வேர்க்கும்.
டார்ச்சைத் தூக்கிப் பிடிக்காதே,
வெளிச்சம் திரும்பி உன் முகத்தில் அடிக்கும்;
முழங்காலுக்குப் பிடி.
காட்டெருமை பனியில் பாறை மாதிரி நிற்கும்.
பாறை மூச்சு விட்டால்
வந்த வழியே போ.

நேற்று கேட்காமல் ஏறியவர்கள் மூன்று பேர்.
அம்மாப்பேட்டைப் பையன்கள்.
ஆறே காலுக்கு சென்னகேசவன் என்று ஒரு குரல்:
"கையை நீட்டினா கை இல்லண்ணா."
பின்னால் ஒருவன் சிரித்தான்,
பல் தந்தியடிக்கிற சிரிப்பு.
பக்கத்து மரத்தைத் தொட்டுப் பார் என்றேன்.
கொடி சுற்றியிருக்கிறது என்றான்.
மிளகு. அப்படியானால் தோட்டம்தான்.
யாருடைய தோட்டம் என்பதுதான் தெரியாது.
உட்காருங்கள், ஓரடி நகராதீர்கள்.

ஆள் கூப்பிடும் தண்டவாளத் துண்டைப்
பொன்னுருவி அடித்தாள்.
எந்தப் பக்கம் கேட்கிறது?
மூன்று பேரும் மூன்று பக்கம் சொன்னார்கள்.
பனி சத்தத்தையும் ஊறப்போட்டுவிடும்.
அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.
"நாம அடிச்சது போதும். அவனுங்களைக் கத்தச் சொல்லு."
சொன்னேன். பாதி வார்த்தையில் அவன் போன் செத்தது.

பறிகூடைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு
நாலு எட்டு வைத்தாள்.
ஐந்தாவது எட்டில் அவள் இல்லை.
அப்புறம் நான் கேட்டதெல்லாம்
சில்வர் ஓக் இலை சொட்டுகிற சத்தம்.

ஒரே கயிற்றைப் பிடித்து நாலு பேராக வந்தார்கள்.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
பையன்கள் உட்கார்ந்திருந்தது
எங்கள் காய்களத்திலிருந்து எழுபது எட்டில்.
சென்னகேசவன் காப்பியைக் குடிக்கவில்லை,
தம்ளரை இரண்டு கன்னத்திலும்
மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

இன்று காலை வானம் கழுவிவிட்ட மாதிரி.
கீழே சேலம், உருக்காலைப் புகை வரை தெரிகிறது.
அளவுக்குழாயின் அடியில் ஒரு நனைவு,
கோட்டைத் தொடவில்லை.
மழை: இல்லை.
பனிக்கு இந்தப் பேரேட்டில் கட்டமே கிடையாது.
ஓரத்தில் குறிப்பு என்று ஒன்று உண்டு,
பதினோரு வருஷமாக அதில் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறேன்.
இன்று எழுதினேன்:
பொன்னுருவி, நாற்பது நிமிடம்.

பழம் பறிக்கப் போகிறவள் எட்டிப் பார்த்து,
என்னைப் பத்தி என்ன எழுதற என்றாள்.
படித்துக் காட்டினேன்.

"நாப்பத்தஞ்சு" என்றாள்.